எட்டு சாரின் ஒரே உதை

எங்கள் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளையெல்லாம் ஒரு காலத்தில் ஒரே ஒரு பெண்தான் வாங்கி, யாருக்கு என்று கேட்டு, அந்தந்த மேஜைக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள். முதலாளியிலிருந்து வாயிற்காவலர் வரை எல்லோருக்கும் அவள் ஹலோ அக்கா. பிறகு ஆளாளுக்குக் கைப்பேசி வந்தது. அழைப்புகளை இணைக்கும் போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். அக்காவை அப்படிக் கழற்ற முடியாததால் பார்சல் பிரிவில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். நான் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுவேன். எதிர் மேஜையில் அக்கா விலாசம் எழுதுவாள். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம்.

பேச்சில் அக்கா சிக்கனம். நாளெல்லாம் அடுத்தவர்களுடைய பேச்சை இணைத்துவிட்டுக்கொண்டே இருந்ததில் தன் பேச்சு தீர்ந்துபோய்விட்டது என்பாள். ஆனால் ஒருமுறை கேட்ட குரலை மறக்கமாட்டாள். "நேத்து லோடு ஏத்த வந்த டிரைவருக்கு இன்னிக்குக் காய்ச்சல். குரல்ல தெரியுது" என்று தலை நிமிராமலேயே சொல்வாள். விசாரித்தால் சரியாக இருக்கும்.

அவளுடைய கணவர் ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் தேர்வு அதிகாரி. மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு பெரிய எட்டு வரைந்திருக்கும். அதன் மேல் வண்டியை ஓட்டிக்காட்ட வேண்டும். கால் தரையில் பட்டால் தோல்வி. இன்ஜின் நின்றால் தோல்வி. கோட்டைத் தாண்டினால் கேட்கவே வேண்டாம். ஊரில் அவருக்கு எட்டு சார் என்று பெயர். அது அவர் காதுக்கும் போயிருந்தது. உள்ளூர அவருக்கு அதில் பெருமைதான். சிபாரிசு, கண்ணீர், பழைய நட்பு, எதுவும் அவரிடம் செல்லாது. பரீட்சைக்கு வருகிறவர்களை வரிசையில் நிறுத்தி, "வண்டிய ஸ்டார்ட் பண்ணத் தெரியாதவன் ஓட்ட வரவே கூடாது. வண்டிங்கறது இங்கேருந்துதான் ஆரம்பிக்குது" என்று தன் கட்டை விரலால் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். நெஞ்சுக்கும் காலால் உதைக்கிற கிக்கருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் இருந்ததில்லை.

அவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். கார்புரேட்டர் வைத்தது, பொத்தானை அழுத்தினால் கிளம்பாது, உதைத்தால்தான் கிளம்பும். அலுவலகத்தில் அவருக்கு முன்னால் வேலை பார்த்தவர் ஓய்வுபெறும்போது அவருக்குக் கைமாற்றிவிட்ட வண்டி. பெட்ரோல் டாங்கில் ஒரு கீறல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துடைக்கிற துடைப்பில் அவருடைய முகம் தெரியும். வெயில் காலத்தில் சொன்னபடி கேட்கும் வண்டி, குளிர் வந்துவிட்டால் வேறு ஆளாகிவிடும். எங்கள் ஊரில் வருஷத்தில் பாதி நாள் காலையில் மூச்சுவிட்டால் புகை வரும். இருந்தும் அவர்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "சாருக்கு ஒரே உதை. எந்தக் குளிராயிருந்தாலும் ஒரே உதை."

உதை ஒன்றுதான். அதில் பொய்யில்லை. ஆனால் உதைத்தது சார் இல்லை.

இதை அக்கா ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது சொன்னாள். ரகசியம் சொல்கிற தோரணையே இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்க முடியாமல் நான் முக்கிக்கொண்டிருந்தேன். "பலத்தப் போடாத, கொஞ்சம் சாய்ச்சுத் திருப்பு" என்றவள், அந்தப் பேச்சிலேயே வண்டிக்கு வந்துவிட்டாள்.

கல்யாணமான முதல் குளிர்காலம். வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு இடுக்கு, அதில்தான் வண்டி நிற்கும். சமையலறை ஜன்னலும் அந்தப் பக்கம்தான். சார், குளிரில் கூடுதல் பெட்ரோல் விடுகிற சோக்கையும் இழுத்துவைத்து, ஆக்சிலேட்டரையும் முறுக்கிக்கொண்டு, எதிரியை உதைப்பதுபோல உதைத்துக்கொண்டிருந்தார். அக்கா பாத்திரம் கழுவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து உதையில் ஒன்றில்கூட இன்ஜினுக்கு மூச்சு வாங்க நேரம் கொடுக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. கடைசியில் அவர் வியர்வையைத் துடைக்கத் துண்டெடுக்க உள்ளே போனார். அக்கா ஈரக்கையோடு வெளியே வந்தாள். என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே சோக்கைத் தள்ளி மூடினாள். கிக்கரை மெல்ல மிதித்து இறக்கினாள். ஓர் இடத்தில் அது தடுத்தது. தடுத்த இடத்தை ஒரு நூல் தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதியாக மிதித்தாள். வண்டி பேசிவிட்டது.

துண்டோடு ஓடிவந்த சார் வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி வண்டியைப் பார்த்தார். "நான் உதைச்சு உதைச்சு சூடேத்தி வச்சிருந்தேன்ல, அதான்" என்றார்.

"ஆமாங்க" என்றாள் அக்கா.

அந்த "ஆமாங்க" அவர்கள் குடும்பத்தின் ஒப்பந்தமாகிவிட்டது. மறுநாள் அவர் சூடேற்றினார், அவள் கிளப்பினாள். சில நாள் போனதும் சூடேற்றுவது சுருங்கி இரண்டு உதையானது, பிறகு ஒன்றானது. அதற்கும் பிறகு, கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டே, "கொஞ்சம் வண்டியப் பாரேன்" என்பார். அக்கா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு இடுக்குக்குப் போவாள். தெரு விழிப்பதற்கு முன்னால் எல்லாம் முடிந்துவிடும். பெட்ரோல் டேப்பைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் இறங்க வேண்டும். பிறகு சோக் போட்டு, சாவி போடாமலேயே ஓரிரு தடவை மெல்ல மிதித்துப் பெட்ரோலை உள்ளே இழுக்கவைப்பாள். அப்புறம் சாவி, தடுக்கிற இடம், ஒரு மிதி. ஆக்சிலேட்டரைத் தொடவேமாட்டாள். வண்டி இருமி இருமி நிதானத்துக்கு வந்தபிறகு சோக்கைப் பாதி மூடி, அப்புறம் முழுக்க மூடிவிட்டு உள்ளே போய்விடுவாள். சார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசல் கதவைத் திறப்பார். உறுமிக்கொண்டு நிற்கும் வண்டியில் ஏறி அமர்ந்து, எதிர்வீட்டுக் கண்ணாடிக்கடைக்காரருக்குக் கையசைத்துவிட்டுப் போவார்.

கண்ணாடிக்கடைக்காரர் ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து கொடுப்பவர். வருஷக்கணக்காக எதிர்வீட்டில் இருந்தும் அவர் பார்வைக்கு இடுக்கில் நடந்தது படவேயில்லை.

"உங்களுக்குக் கோபமே வரலையா?" என்று அக்காவைக் கேட்டேன்.

"எதுக்கு? அந்த நேரம்தான் வீட்ல என்னை யாரும் ஒண்ணும் கேக்காத நேரம்" என்றாள்.

இப்படியே போயிருக்கும். அலுவலகத்தில் புதிதாக ஒரு பெரிய அதிகாரி வந்து சேர்ந்தார். வந்த வேகத்தில் எதையாவது செய்தாக வேண்டும் என்று துடிப்பவர். சாலைப் பாதுகாப்பு வாரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கடைக்குக் கண் பரிசோதிக்கப் போன இடத்தில் ஒரே உதையின் புகழ் அவர் காதில் விழுந்தது. மறுநாளே எட்டு சாரைக் கூப்பிட்டார். "குளிர்காலத்துல பழைய வண்டியப் பாதுகாப்பா ஸ்டார்ட் பண்றது எப்படின்னு நீங்க மைதானத்துல செஞ்சு காட்டறீங்க. நம்ம ஆளுங்கள்லயே இப்படி ஒருத்தர் இருக்கும்போது வெளியிலேருந்து எதுக்கு ஆள் தேடணும்?"

சாரின் வாய் பழக்கதோஷத்தில், "அதுக்கென்ன சார், செஞ்சுட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்தவர் அக்காவிடம், "நாளைக்கு நீ ஸ்டார்ட் பண்றப்ப நான் கூட நிக்கறேன். நீ பண்றதுல தப்பு ஏதாவது இருக்கான்னு பாக்கணும்" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. தப்புப் பார்க்க வந்தவருக்கு ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தேர்வு மைதானத்தில் நிற்பதுபோலவே நின்று பார்த்தார். பிறகு தானே முயன்றார். டேப்பைத் திறந்த மறு வினாடி உதைக்கக் காலைத் தூக்கினார்.

"கொஞ்சம் நில்லுங்க."

"எதுக்கு?"

"பெட்ரோல் இறங்கணும்."

"அது பாட்டுக்கு இறங்கட்டும். நான் என் வேலையப் பாக்கறேன்."

இதுதான் அவருடைய சிக்கல். முறை முழுவதும் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. மேடையில் ஒரு சொல் பிசகாமல் பேசவும் தயார். நடுவில் ஒன்றுமே செய்யாமல் நிற்க வேண்டிய இடம் வரும்போதுதான் அவரால் நிற்க முடியவில்லை. பெட்ரோல் அதிகமாகி ஸ்பார்க் பிளக் நனைந்தது, காயவைத்தார்கள், மறுபடி நனைந்தது. ஒரு வாரம் இந்தக் கூத்து நடந்தது. கடைசியில் அவர் வேறு வழி கண்டுபிடித்தார். அன்று காலை அக்கா வீட்டில் கிளப்பிக் கொடுத்துவிடுவாள். சூடான வண்டியை மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் பச்சைக்குழந்தை உதைத்தாலும் கிளம்பும்.

பெரிய அதிகாரி சும்மா பெரிய அதிகாரி ஆகவில்லை. முந்தின நாள் சாயங்காலமே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "வண்டி இங்கேயே நிக்கட்டும். பனி நல்லா இறங்கினாத்தான் பாக்கறவங்களுக்கு நம்பிக்கை வரும்."

சாயங்காலம் பஸ்ஸில் வீடு திரும்பிய சாரின் முகத்தில் ஈயாடவில்லை. சாப்பிடும்போது ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "நீயும் வா."

அக்கா என்னையும் அழைத்துப் போனாள். மைதானத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்காரர்கள், உரிமம் எடுக்க வந்தவர்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு ஊழியர்கள் என்று நல்ல கூட்டம். நடுவில் பனியில் குளித்து வண்டி நின்றிருந்தது. இருக்கையின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பெரிய அதிகாரி விரலால் வழித்துக் கூட்டத்துக்குக் காட்டினார். சார் மைக்கைப் பிடித்தார். பேச்சு அருமை. டேப், சோக், பொறுமை என்று படிப்படியாகச் சொன்னார். "பொறுமைதான் முதல் பாதுகாப்பு" என்றபோது கைதட்டல் எழுந்தது. பக்கத்தில் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

மைக்கைக் கொடுத்துவிட்டு உதைத்தார். ஒன்றுமில்லை. இன்னொன்று. ஆக்சிலேட்டரைப் பிடித்த கை தானாக முறுக்கியது. பெட்ரோல் வாசனை முன்வரிசைவரை வந்தது. யாரோ இருமினார்கள். சாருடைய கழுத்து சிவந்துகொண்டே வந்தது. உதைகளுக்கு நடுவே இடைவெளியே இல்லாமல் போயிற்று. கடைசியில் ஒன்றைப் பாதி மிதியிலேயே மனம் தளர்ந்து விட்டுவிட்டார். கிக்கர் திருப்பி அடித்தது. அந்தச் சத்தம் எங்களுக்கே வலித்தது. சார் ஒற்றைக்காலில் நின்றபடி வண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

நாற்காலி கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். பூட்ஸைக் கழற்றினார்கள். கணுக்கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. பெரிய அதிகாரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மைக் கையிலிருந்ததால், "இதுவும் ஒரு பாடம்தான்" என்று ஏதோ ஆரம்பித்தார்.

அக்கா எழுந்து போனாள். முதலில் கணவரிடம் குனிந்து காலைப் பார்த்தாள். "விரல அசைங்க" என்றாள். அசைத்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்தார். தலை சீவிக்கொண்டே சொல்வாரே, அந்த "கொஞ்சம் பாரேன்" அதிலிருந்தது என்று அக்கா பிற்பாடு சொன்னாள்.

செருப்புக் காலால் அந்தக் கிக்கரை மிதிக்க முடியாது. கழற்றிவைத்த வலது பூட்ஸுக்குள் கைக்குட்டையைத் திணித்துத் தன் காலை நுழைத்துக்கொண்டாள். இடது காலில் செருப்பு. டேப்பை மூடினாள். சோக்கை எடுத்தாள். சாவியைத் திருப்பி எடுத்தாள். ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு பலமுறை நிதானமாக மிதித்து, உள்ளே நிறைந்துபோயிருந்த பெட்ரோலை வெளியேற்றினாள். அதன் பிறகு ஒன்றும் செய்யாமல் நின்றாள். கூட்டம் நெளிந்தது. பெரிய அதிகாரி நேரம் பார்த்தார். அக்கா எங்களையெல்லாம் பார்சல் பெட்டிகளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டேப்பைத் திறந்தாள். சாவி. தடுக்கிற இடம். ஒரு மிதி.

வண்டி கிளம்பியதும் எழுந்த சத்தத்தில் இன்ஜின் எது, கைதட்டல் எது என்று பிரிக்க முடியவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு உண்மை வெளியே வந்துவிட்டது, இனி ஒரே உதை யாருடையது என்று ஊருக்கே தெரியும் என்று நினைத்தேன்.

பெரிய அதிகாரி மைக்கில் முழங்கினார். "பாருங்க. நல்லாப் பாருங்க. தான் கத்துக்கிட்டது பெரிசில்ல. வீட்ல இருக்கறவங்களையும் இந்த அளவுக்குத் தயார்ப்படுத்தி வச்சிருக்காரே, இதுதான் உண்மையான பயிற்சி. அடிபட்டு உக்காந்திருக்கும்போதும் கண்ணாலயே சொல்லிக் குடுத்தாரு, கவனிச்சீங்களா?"

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. சாருடைய நாற்காலிக்கே வந்து பரிசுக் கேடயத்தை மடியில் வைத்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்கா ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் செருப்புமாக நின்று, வண்டியின் இருமல் அடங்குகிறதா என்று காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அலுவலக ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முன்னால் சார், மடியில் கேடயம். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதுதான், திரும்பாமலேயே, "முதல்ல டேப்ப மூடினே பாரு. அது சரி" என்றார். அக்கா எனக்கு மட்டும் தெரியும்படி புருவத்தை உயர்த்தினாள். அந்த வீட்டில் அது பெரிய பாராட்டு போலிருக்கிறது.

எலும்பில் விரிசல். மாவுக்கட்டுப் போட்டு வீட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். வண்டி மைதானத்திலேயே நின்றது. நான் உட்பட, ஓட்டிவரப் போனவர்களால் கிளப்ப முடியவில்லை. கிளப்பத் தெரிந்தவளால் மாவுக்கட்டுக்காரரை விட்டு நகர முடியவில்லை, நகர்ந்தாலும் ஓட்ட உரிமம் இல்லை. கடைசியில் கண்ணாடிக்கடைக்காரர் ஒரு சரக்கு வண்டி பிடித்து, நோயாளியைப்போல அதில் ஏற்றிக்கொண்டுவந்து சேர்த்தார்.

"எனக்கு அது பிடிக்கலை. நானே கிளப்பின வண்டி, கயித்தால கட்டி லாரியில வருது" என்றாள் அக்கா, ஒரு பெட்டியில் விலாசம் எழுதிக்கொண்டே. "நீ எனக்கு ஓட்டச் சொல்லிக் குடு."

விடுமுறை நாட்களில் எங்கள் சரக்கு முற்றம் காலியாக இருக்கும். காவலரிடம் சொல்லிவைத்து அங்கேதான் பழகினோம். சைக்கிள் தெரிந்திருந்ததால் சமநிலை பிரச்சினையில்லை. வண்டியின் கனம்தான் பிரச்சினை. ஒருமுறை மரப்பலகை அடுக்கின் மேல் மெல்லச் சாய்த்துவிட்டாள். வீட்டுக்குப் போனால் சார் மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் தூக்கிவைத்துக்கொண்டு, எதிரில் இல்லாத வண்டிக்குப் பாடம் நடத்துவார். "கிளட்ச்சச் சட்டுனு விட்டிருப்பே." விட்டுத்தான் இருந்தாள்.

அக்கா பரீட்சைக்குப் போன சமயம் சார் ஊன்றுகோலோடு வேலைக்குத் திரும்பியிருந்தார். கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "மைதானத்துல நான் உனக்கு யாரோ, நீ எனக்கு யாரோ. தெரிஞ்சுக்க."

"மைதானத்துல மட்டுமா?" என்றாள் அக்கா.

அவர் காதில் விழாததுபோல ஊன்றுகோலைத் தேடினார்.

சொந்தக்காரரை அவரே சோதிக்கக் கூடாது என்பதால் அவருக்குக் கீழே இருந்த இளைய அதிகாரிதான் சோதித்தார். சார் தகரக் கொட்டகைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா நன்றாகவே ஓட்டினாள். முதல் வளைவு, குறுக்கே கடப்பது, இரண்டாவது வளைவு, எல்லாம் கோட்டுக்குள். வெளியே வருகிற இடத்தில் வண்டி கொஞ்சம் சாய்ந்தது. வலது கால் நுனி தரையைத் தொட்டு எழுந்தது. இவ்வளவுதான். ஒரு சிட்டிகைப் புழுதி.

இளைய அதிகாரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "பிரமாதம் மேடம். பாஸ்" என்றார்.

கொட்டகையிலிருந்து குரல் வந்தது. "கால் பட்டுச்சு."

"எனக்கு அப்படித் தெரியலையே சார்."

"எனக்குத் தெரிஞ்சுது. பட்டுச்சு."

இளைய அதிகாரி கெஞ்சும் முகத்தோடு அக்காவைப் பார்த்தார், அவளாவது மறுக்கட்டுமே என்று. அக்கா இன்ஜினை நிறுத்தினாள். "பட்டுச்சுதான்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலமெல்லாம் இவள் உதைக்கு அவர் பெயர் வாங்கியிருக்கிறார். ஒரு கால்நுனிக்குக் கண்ணை மூட முடியவில்லையா? வெளியே வந்ததும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அக்கா ஹெல்மெட் வாரை அவிழ்த்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டாள்.

"நான் பண்ணினத அவர் பாத்து, பாத்தத அப்படியே சொன்னது இன்னைக்குத்தான்" என்றாள். "எனக்கு அது ஒருமாதிரி நல்லாத்தான் இருக்கு. உனக்குப் புரியாது, விடு."

இரண்டாம் தடவை பாஸாகிவிட்டாள். அன்று சார் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். பார்த்தால் கண் தானாகத் தப்புத் தேடும் என்று காரணம் சொன்னாராம்.

ஆனால் ஊரில் பேச்சானது முதல் பரீட்சைதான். "பொண்டாட்டியையே ஃபெயில் பண்ணின மனுஷன்யா" என்று பயிற்சிப் பள்ளிக்காரர்கள் நடுங்கினார்கள். சிபாரிசுக்கு வருவதையே விட்டார்கள். பெரிய அதிகாரி இதற்கும் ஒரு பாராட்டுக் கூட்டம் போட்டார். அக்கா தோற்றாலும் பெயர் சாருக்குத்தான் என்பது உறுதியாகிவிட்டது.

அடுத்த குளிருக்குள், ஒரே உதைச் செயல்விளக்கம் பக்கத்து ஊர் அலுவலகங்களுக்கும் பரவியது. சார் பேசுவார், அக்கா செய்வாள் என்று ஏற்பாடு. "என் காலு இன்னும் சரியாகலை" என்பது காரணம். கால் எப்போதோ சரியாகிவிட்டது. வண்டியை அக்கா ஓட்டிப் போவாள். சார் பின்னால் உட்கார்ந்து, காட்ட வேண்டிய சைகைகளை அவள் தோளில் தட்டிச் சொல்லிக்கொண்டு வருவார்.

அப்படி ஓர் ஊருக்கு நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு, என் வண்டியில் கூடப் போயிருந்தேன். சின்னக் கூட்டம். அக்கா வழக்கம்போலக் கிளப்பினாள். கைதட்டினார்கள். நன்றி சொல்லி முடிக்க வேண்டிய இடத்தில் சார் மைக்கை வைத்துக்கொண்டு நின்றார். வண்டி நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு சொல்லணும்" என்றார். குரல் மைதானக் குரலாக இல்லை. "இத நான் அவங்களுக்குக் கத்துக் குடுக்கலை. அவங்கதான் எனக்குக் கத்துக் குடுத்தாங்க. எனக்கு இன்னும் வரலை. கல்யாணமானதுலேருந்து அவங்கதான் ஸ்டார்ட் பண்ணித் தராங்க."

அக்காவின் கை சோக்கின் மேலேயே நின்றுவிட்டது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

அப்புறம் கூட்டம் சிரித்தது. அன்பான சிரிப்பு. அந்த ஊர் அதிகாரி எழுந்து, கண் கலங்க, "எவ்வளவு பெரிய மனசு பாருங்க. தன்னோட திறமைய மனைவி காலடியில வைக்கறதுக்கு எத்தனை பேருக்கு அடக்கம் வரும்?" என்றார். இம்முறை கைதட்டல் மழைபோல அடித்தது. முன்வரிசையில் ஒரு பெண் தன் கணவரை முழங்கையால் இடித்தாள். சார் மைக்கில், "இல்லைங்க, நெசமாவே…" என்று ஆரம்பித்தார். அதற்கும் கைதட்டினார்கள். கையில் இன்னொரு கேடயத்தைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டார்கள்.

திரும்பி வரும் வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். சார் கேடயத்தை மேஜையில் கவிழ்த்துவைத்தார். "சொல்லிப் பாத்தேன்" என்றார் அக்காவிடம்.

"கேட்டேன்" என்றாள் அக்கா. தன் தட்டிலிருந்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். அவர் அதைச் சாப்பிட்டார். அவ்வளவுதான் பேச்சு.

அதற்குப் பிறகு சார் செயல்விளக்கத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஓய்வுபெறச் சில மாதங்கள் இருக்கும்போது பொத்தான் வைத்த ஸ்கூட்டர் ஒன்று வாங்கிக்கொண்டார். பழைய வண்டியை அக்கா பேருக்கு மாற்றிக் கொடுத்தார். அவள் அதில்தான் இப்போது வேலைக்கு வருகிறாள். பார்சல் பிரிவு மேலாளர் தன் காரைத் தள்ளி நிறுத்திக்கொண்டு அதற்கு இடம் விடுகிறார். பயமா, மரியாதையா என்று தெரியவில்லை.

விடுமுறை நாட்களில் அக்கா ஊருக்கு வெளியே இருக்கும் ஏரிக்கரைவரை தனியாக ஓட்டிப்போகிறாள். கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். முதல் தடவை போய்வந்தபோது சார் வாசலில் நின்றிருந்தாராம்.

"எங்க போயிருந்தே?"

"சும்மா, ஏரிப்பக்கம்."

"பெட்ரோல் வீணு" என்றார்.

போன வாரம் அவரே பேச்சை எடுத்திருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "அங்க அப்படி என்னதான் இருக்கு?"

"தண்ணி இருக்கு."

சற்று நேரம் மென்றுகொண்டிருந்துவிட்டு, "நானும் ஒரு நாள் வரட்டுமா?" என்றாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அக்கா பெட்டியின் மேல் ஒரு விலாசத்தை எழுதி முடித்து, பேனாவை மூடினாள்.

"யோசிச்சுச் சொல்றேன்னேன்" என்றாள். "இன்னும் சொல்லலை."